இது எந்தத் திகதிப் பட்டியல்?

கொழும்பு ஏலத்துக்குப் போகும் தேயிலையோடு தோட்டத்தின் மார்க், கிரேட், இன்வொயிஸ் இலக்கம் மூன்றும் போகின்றன. சரக்கில் குறை தெரிந்தால், அது எந்தத் தொழிற்சாலையின் எந்தத் தொகுதி என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்கலாம். நாம் கடைகளுக்கு அனுப்பும் விலைப்பட்டியலுக்கு அப்படியோர் இலக்கம் உண்டா?

2022இல் ரூபாவின் மதிப்பு சரிந்தபோது மாவு, சீனி, பருப்பு விலைகளை அடிக்கடி மாற்ற வேண்டி வந்தது. தோட்டத்துக் கடைக்காரர் ஒருவர் போனிலுள்ள பட்டியலைக் காட்டி, "முதலாளி, இது நீங்க அனுப்பின விலைதானே?" என்றால் நாம் என்ன சொல்வது? கணினியில் "புதிய விலை", "புதிய விலை 2" என்று பத்து கோப்புகள் கிடக்கும். பிழையான பதில் சொன்னால் பணமும் போகும், பழகிய வாடிக்கையாளரும் போவார்.

இதற்குக் கை கொடுப்பது கிட் என்ற இலவச மென்பொருள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதைச் செய்தார். கோப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் திகதியோடும் குறிப்போடும் பதிவு செய்து வைக்கலாம். அந்தப் பதிவுக்குப் பெயர் கொமிட்.

கிட் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே ஓர் அடையாள எண்ணைக் கணக்கிடுகிறது. எண்களும் எழுத்துகளும் கலந்து பெரும்பாலும் 40 இடங்கள் கொண்டது. கோப்பின் பெயரை மாற்றினாலும் இந்த எண் மாறாது. உள்ளே ஒரு சதம் மாறினாலும் எண் வேறாகிவிடும்.

தேடும் முறை இரண்டே படிதான். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

முதலாவது, வாடிக்கையாளரிடமிருந்து வந்த கோப்பின் பெயரோடு "கிட் ஹாஷ்-ஒப்ஜெக்ட்" என்று கொடுங்கள். அடையாள எண் வரும்.

இரண்டாவது, "கிட் லொக் --ஓல் --ஃபைண்ட்-ஒப்ஜெக்ட்=" என்று தட்டி, இடைவெளி விடாமல் அந்த எண்ணைச் சேருங்கள். சாதாரணமாக இரண்டு கொமிட்கள் வரும். கீழே இருப்பது அந்தப் பட்டியல் நுழைந்த நாள். மேலே இருப்பது அது மாற்றப்பட்ட நாள். இடைப்பட்ட காலமே அந்த விலை உங்கள் பதிவில் இருந்த காலம். ஒன்று மட்டும் வந்தால், பெரும்பாலும் அந்தப் பட்டியல் இன்னும் மாறவில்லை என்று பொருள்.

சில எச்சரிக்கைகள். கொமிட் செய்யாத பட்டியலை எவராலும் தேடிப் பிடிக்க முடியாது. எக்செல் கோப்பைத் திறந்து மீண்டும் சேமித்தாலே எண் மாறிவிடலாம். ஆகவே அனுப்பும் பீடிஎப் கோப்பையே கொமிட் செய்து, வட்ஸ்அப்பில் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள். கொமிட்டின் திகதி உங்கள் கணினிக் கடிகாரம் சொல்வதுதான். வாடிக்கையாளர் கைக்கு எப்போது போனது என்பதை அது சொல்லாது. அதற்கு அனுப்பிய செய்தியையும் அழிக்காமல் வையுங்கள்.

விலை மாற்றிய அன்றே, பட்டியலை அனுப்பும் முன் கொமிட் செய்வதை வழக்கமாக்கிக்கொண்டால் போதும். வாக்குவாதம் வரும் நாளில் பதிவைத் திறந்து இரு தரப்பும் சேர்ந்தே பார்க்கலாம்.