அடுப்பு அணைந்த ஸ்பிரிங் பட்டறை

லாரியின் பின் ஸ்பிரிங் பட்டை முறிந்து வந்தால், நாமக்கல், சங்ககிரி வட்டாரப் பட்டறைகளில் முன்பெல்லாம் முதல் வேலை அடுப்பு மூட்டுவதுதான். ஸ்பிரிங் கட்டைக் கழற்றி, பட்டைகளைப் பிரித்துத் தரையில் வரிசையாகப் பரப்புவார்கள். முறிந்த முகத்தைப் பார்த்தே மேஸ்திரி காரணம் சொல்வார். ஒரு பாதி துருவேறிக் கறுத்திருந்தால் விரிசல் நெடுநாளாக உள்ளே வளர்ந்திருக்கிறது. முழுதும் பளபளத்தால் பள்ளத்தில் விழுந்த ஒரே அடி.

முறிந்த பட்டைக்கு மட்டும்தான் மாற்று. தொய்ந்துபோன மற்றவற்றை உலையில் பழுக்கவைத்து, சம்மட்டியால் அடித்து வளைவேற்றி, எண்ணெயில் முக்குவார்கள். சூட்டுக்குக் கண்தான் அளவுகோல். முக்கிய பிறகு 400 முதல் 500 டிகிரி வரை மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் எஃகு விறைத்து உடையும். பல இடங்களில் அந்தப் பதம் அரைகுறைதான். பழைய கைவேலையை மெச்சுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

'ஒரு பட்டை சேர்த்துப் போடுங்க' என்று லாரிக்காரர்கள் கேட்பதும் வாடிக்கை. அதிக பாரம் ஏற்றத்தான், வேறெதற்கு? 2018 ஜூலையில் மத்திய அரசு நான்கு டயர் ஒற்றை அச்சின் சுமை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. கள்ளத்தனமாக ஏற்றியதில் ஒரு பங்கு அன்றோடு சட்டபூர்வமாயிற்று!

இப்போது பல லாரிகளில் பாராபோலிக் பட்டைகள். நடுவில் தடித்து முனைகளில் மெலியும் இவை இடையில் ஒன்றையொன்று உரசுவதில்லை. எடை குறைவு, குலுக்கலும் குறைவு. ஆனால் பழைய கட்டின் பத்துப் பட்டையில் ஒன்று போனால் மற்றவை ஊர் சேர்க்கும். இதன் மூன்றில் ஒன்று போனால் பாடு. சம்மட்டியால் அடித்துச் சரிசெய்யும் சங்கதியும் அல்ல. ஆகவே முழுக் கட்டையும் மாற்றுகிறார்கள், பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் புதுசென்றால் வண்டி சாய்ந்து நிற்கும். ஏர் கன்னால் நட்டுகளைக் கழற்றி, சில மணி நேரத்தில் வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். முறிந்த முகத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை, எடைக்குப் போகிறது. அடுத்த கட்டும் அதே காரணத்தால் முறிந்தால் வியப்பதற்கில்லை.

புதுக் கட்டு சுமையோடு கொஞ்ச தூரம் ஓடிப் படிந்ததும், அதை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் தளரும். மறுபடி முடுக்காவிட்டால் சென்டர் போல்ட் அறுந்து, அச்சு நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். 'லோடு இறக்கிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போங்கண்ணே' என்று அன்றைய மேஸ்திரியும் சொன்னார், இன்றைய மெக்கானிக்கும் சொல்கிறார். டிரைவருக்கோ அதற்குள் அடுத்த லோடு வந்துவிடுகிறது.