பிள்ளைக்கு வருவது யாரிடமிருந்து?

"மூக்கு அப்படியே வாப்பாவுடையது, கண் மட்டும் உம்மாவைப் போல." பிள்ளை பிறந்த வீட்டில் இப்படிப் பேசி மகிழாதவர் யார்? ஆனால் அதே பிள்ளைக்கு ஒரு நோய் என்று தெரிந்துவிட்டால் பேச்சு மாறிவிடுகிறது. "எங்கள் குடும்பத்தில் இப்படி ஒன்றும் இல்லையே, மருமகள் பக்கத்துச் சீக்குத்தான்" என்று பழி ஒரு பக்கமே சாய்கிறது. சகோதரிகளே, இதில் உண்மை எவ்வளவு என்று சற்றுப் பார்ப்போமா?

பட்டாணி சொன்ன பாடம்

இன்று செக் நாட்டிலுள்ள புருனோ நகரில் வாழ்ந்த கிரகோர் மெண்டல் என்ற துறவி, மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். மஞ்சள் விதைச் செடியையும் பச்சை விதைச் செடியையும் கலந்தபோது கிடைத்த விதைகள் யாவும் மஞ்சளாகவே இருந்தன. பச்சை அழிந்துவிட்டதா? இல்லை. அதற்கடுத்த தலைமுறையில் 6022 மஞ்சள் விதைகளும் 2001 பச்சை விதைகளும் கிடைத்தன. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! 1866இல் இவ்வாய்வு அச்சில் வெளிவந்தது.

இதன் பொருள் என்ன? விதையின் நிறத்துக்கு இரண்டு பரம்பரை அலகுகள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. மஞ்சள் அலகு ஒன்றிருந்தாலே பச்சை மறைந்து நிற்கும். பச்சை அலகுகள் இரண்டும் சேர்ந்தால்தான் அது வெளியே தெரியும்.

மறைந்திருக்கும் நோய்

தலசீமியா என்ற இரத்த நோயும் இப்படித்தான் வருகிறது. குறையுள்ள அலகு ஒன்றை மட்டும் உடையவர் 'காவி' எனப்படுவார். அவர் நம்மைப் போலவே நடமாடுவார். சிறிது இரத்தசோகை இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் கணவனும் மனைவியும் காவிகளாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளை நோயாளியாவதற்கு 25 வீதமும், காவியாவதற்கு 50 வீதமும், குறையின்றிப் பிறப்பதற்கு 25 வீதமும் வாய்ப்புண்டு.

"மூத்தது நோயாளி, இனி வரும் மூன்றும் சுகமாக இருக்கும்" என்று கணக்குப் போட வேண்டாம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது.

கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்கு ஒரு வயதை அண்டியே உடல் வெளிறத் தொடங்கும். பின்னர் சில வாரங்களுக்கொரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை அகற்ற வேறு மருந்தும் வேண்டும். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை எல்லோருக்கும் கிட்டுவதில்லை.

பழி யாருக்கு?

இரு பக்கமும் சேராமல் இந்நோய் வருவதில்லை. ஆகவே உம்மாவை மட்டும் குற்றம் சொல்வது அறியாமை. வாப்பாவை மட்டும் சொல்வதும் அப்படியே. அறியாமல் வந்த ஒன்றுக்கு எவரும் குற்றவாளி அல்லர்.

மாமி மகன், மாமா மகள் என்று சொந்தத்துக்குள் முடிக்கும்போது, ஒரே உம்மம்மாவிடமிருந்து வந்த அலகு இருவரிடமும் இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. அந்நியத்தில் முடித்தாலும் இருவரும் காவிகளாக இருக்கலாம்.

நிக்காஹ்வுக்கு முன்

இதற்கு வழி ஓர் இரத்தப் பரிசோதனையே. ஈரான் 1997இலும் சவூதி அரேபியா 2004இலும் திருமணத்துக்கு முன் இப்பரிசோதனையைக் கட்டாயமாக்கின. நம் நாட்டில் குருநாகலில் இந்நோய்க்கென்றே தேசிய நிலையம் இயங்குகிறது. உங்கள் பகுதி அரச வைத்தியசாலையில் விசாரித்தாலும் வழி சொல்வார்கள்.

மகளுக்கோ மகனுக்கோ சம்பந்தம் பேசும்போது குடும்பம், குணம், தொழில் எல்லாம் விசாரிக்கிறோம். நாள் குறிக்குமுன் இந்தப் பரிசோதனையையும் செய்துவிடுங்கள். காவி என்று தெரிந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருவரும் காவிகளானால், முடிவெடுக்குமுன் வைத்தியரின் ஆலோசனையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.