உங்களுக்குத் தெரியுமா? பார்த்தவர் மறக்க முடியாத அணுகுண்டுப் படங்கள்

★ 1983 நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'தி டே ஆஃப்டர்' அது. கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற பல்கலைக்கழக ஊரும், பக்கத்திலுள்ள கான்சாஸ் சிட்டியும் அணு ஏவுகணைகளில் எரிந்துபோகும் கதை. குண்டு விழும் காட்சிக்குப் பிறகு படம் முடியும்வரை ஒரு விளம்பரம்கூட வரவில்லை. பயந்துபோனவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்கு ஆலோசகர்கள் தொலைபேசி அருகே காத்திருந்தார்கள். படம் முடிந்த கையோடு விஞ்ஞானி கார்ல் சேகன், முன்னாள் அமைச்சர்கள் ஹென்றி கிஸ்ஸிங்கர், ராபர்ட் மெக்நமாரா, எழுத்தாளர் எலி வீசல் போன்றோர் கலந்துகொண்ட நேரடி விவாதமும் நடந்தது. ஒரு நாடே சேர்ந்து உட்கார்ந்து தன் சாவைப் பார்த்தது என்றால் அது அந்த இரவுதான்.

★ அந்தப் படத்தில் காயம்பட்டுக் கிடப்பவர்களில் பெரும்பாலோர் நடிகர்கள் அல்லர், லாரன்ஸ் ஊர்க்காரர்கள். மாணவர்கள், கடைக்காரர்கள், வீட்டுப் பெண்கள் என்று பலர் முகத்தில் தீக்காய ஒப்பனையோடு வந்து படுத்தார்கள். சிலர் தலையை மழித்துக்கொண்டார்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கமான ஆலன் ஃபீல்டு ஹவுஸ் முழுக்க உடல்களைப் பரப்பிவைத்துப் படம்பிடித்தார்கள். வழக்கமாகத் தங்கள் அணியை ஆரவாரத்தோடு உற்சாகப்படுத்துகிற இடத்திலேயே அந்த மக்கள் பிணமாகக் கிடந்து நடித்தார்கள். படம் ஒளிபரப்பான இரவில் ஊரார் மெழுகுவர்த்தி ஏந்திக் கூடினார்கள்.

★ அதிபர் ரீகன் இந்தப் படத்தை மக்களுக்கு முன்பே, 1983 அக்டோபர் 10 அன்று கேம்ப் டேவிட்டில் பார்த்துவிட்டார். படம் தன்னை மிகவும் மனச்சோர்வுக்கு ஆளாக்கியதாக அன்றைய நாட்குறிப்பில் எழுதினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1987 டிசம்பர் 8 அன்று, நடுத்தரத் தொலைவு ஏவுகணைகளை ஒழிக்கும் உடன்படிக்கையில் அவரும் சோவியத் தலைவர் கோர்பசேவும் கையெழுத்திட்டார்கள். அப்போது இயக்குநர் நிக்கோலஸ் மேயருக்கு ரீகன் நன்றித் தந்தி அனுப்பினார் என்று ஒரு கதை உலவுகிறது. அது கட்டுக்கதை என்று மேயரே சொல்லிவிட்டார். ஒரு படம் மட்டுமே உடன்படிக்கையைக் கொண்டுவராது. ஆனால் ஆயுதக் கணக்குகளையே தாளில் பார்த்துப் பழகிய ஒருவரின் நெஞ்சில் அது தைத்தது என்பதற்கு அவர் கைப்பட எழுதிய வரியே சாட்சி. அதே படம் 1987இல் சோவியத் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது.

★ 1983 ஜூனில் ரீகன் பார்த்த இன்னொரு படம் 'வார்கேம்ஸ்'. ஒரு பையன் வீட்டுக் கணினி வழியாக, அணு ஏவுகணைகளை ஆளும் படைத்தலைமையின் கணினிக்குள் நுழைந்துவிடுகிறான். "இப்படி நிஜமாக நடக்குமா?" என்று ரீகன் தளபதிகளிடம் கேட்டார். நிலைமை நினைப்பதைவிட மோசம் என்று பதில் வந்தது. 1984 செப்டம்பரில் அரசுக் கணினிகளின் பாதுகாப்பு பற்றிய ஆணை பிறந்தது.

★ பெரியவர்களுக்காக ஏபிசி தயாராகிக்கொண்டிருந்தபோது குழந்தைகளைப் பற்றி யோசித்தவர் ஃப்ரெட் ராஜர்ஸ். அமெரிக்கச் சிறுவர்களின் அன்புக்குரிய தொலைக்காட்சி மாமா அவர். 1983 நவம்பர் 7 முதல் 11 வரை ஐந்து நாள் கதை ஒன்றை வழங்கினார். பொம்மை நாட்டு ராஜா, பக்கத்து ஊர் குண்டு செய்கிறது என்று சந்தேகப்பட்டுத் தானும் குண்டு செய்ய உத்தரவிடுகிறார். கடைசியில் பார்த்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு பாலம். குழந்தைகளின் பயத்தை மறைக்காமலும் பெரிதாக்காமலும் பேசிய இந்த ஐந்து நாள் நிகழ்ச்சியை நான் மேலே சொன்ன பெரிய படங்களுக்குச் சமமாகவே வைப்பேன்.

★ 'தி டே ஆஃப்டர்' படத்தின் முடிவில் ஒரு குறிப்பு வரும். உண்மையில் அணுப்போர் நடந்தால் அழிவு இதைவிடக் கொடியதாக இருக்கும் என்று அது எச்சரிக்கும். அந்தக் "கொடியது" எப்படி இருக்கும் என்று அடுத்த ஆண்டே காட்டியது பிரிட்டன்.

★ 1984 செப்டம்பர் 23 அன்று பிபிசி ஒளிபரப்பிய 'த்ரெட்ஸ்' படத்தை எழுதியவர் பேரி ஹைன்ஸ், இயக்கியவர் மிக் ஜாக்சன். களம் எஃகுக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரம். ரூத், ஜிம்மி என்ற இளஞ்சோடிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. குடியேறவிருக்கும் வீட்டுக்குச் சுவர்த்தாள் ஒட்டுகிறார்கள். பின்னணியில் வானொலியும் தொலைக்காட்சியும் ஏதோ ஒரு தூர தேசத்துச் சண்டையைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. யாரும் சரியாகக் கேட்பதில்லை. படத்தின் முதல் பகுதி முழுக்க இதுதான். பிறகு ஒரு காலைப்பொழுதில் வெளிச்சம் வெடிக்கிறது. பால் புட்டி உருகுகிறது. கடைத்தெருவில் காளான் மேகத்தைப் பார்த்து நிற்கும் ஒரு பெண்ணுக்கு நின்ற இடத்திலேயே சிறுநீர் பிரிந்துவிடுகிறது. அந்தப் பெண்ணை மறந்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

மற்ற படங்கள் நிறுத்தும் இடத்தில் இது நிறுத்தவில்லை. மாநகராட்சிக் கட்டடத்தின் அடித்தளத்தில் அடைபட்ட அதிகாரிகள் மூச்சுமுட்டிச் சாகிறார்கள். புகைமூட்டம் சூரியனை மறைக்கிறது. பயிர் பொய்க்கிறது. அணுக்குளிர்காலம் என்று விஞ்ஞானிகள் அப்போதுதான் சொல்லத் தொடங்கியிருந்ததைத் திரையில் முதன்முதலாகக் காட்டிய படங்களில் இதுவும் ஒன்று. பிரிட்டனின் மக்கள்தொகை இடைக்கால அளவுக்கு விழுகிறது. 13 ஆண்டுகள் கழிகின்றன. ரூத்தின் மகள் முழு வாக்கியம் பேசத் தெரியாமல் வளர்ந்து நிற்கிறாள். எல்லாவற்றையும் உணர்ச்சியில்லாத ஒரு ஆண்குரல் செய்தி வாசிப்பதுபோல் சொல்லிக்கொண்டு போகிறது. அந்தக் குரல்தான் வயிற்றைக் கலக்குகிறது.

★ பிபிசியில் ஒரு படம் ஒளிபரப்பானால் இயக்குநருக்கு நண்பர்களிடமிருந்து தொலைபேசி வந்தபடி இருக்குமாம். 'த்ரெட்ஸ்' முடிந்த இரவில் மிக் ஜாக்சனின் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கவே இல்லை. பார்த்த எவராலும் எழுந்து பேச முடியவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் புரிந்தது. பின்னாளில் ஹாலிவுட் சென்று 'தி பாடிகார்டு' என்ற வெற்றிப் படத்தை எடுத்தவரும் இவரே.

★ பிபிசி இதற்கு முன்பே ஒரு படம் எடுத்துத் தானே பூட்டி வைத்திருந்தது. பீட்டர் வாட்கின்ஸ் 1965இல் கென்ட் வட்டாரத்து மக்களை நடிக்கவைத்து எடுத்த 'தி வார் கேம்' வெறும் 48 நிமிடம்தான். மேலிடத்து அதிகாரிகளுக்குப் போட்டுக்காட்டிய பின், ஒளிபரப்ப முடியாத அளவுக்குக் கோரமானது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். திரையரங்குகளில் ஓடி, சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கரை வென்றது. பிரிட்டிஷ் வீடுகளுக்குள் அது வந்து சேர 20 ஆண்டுகள் ஆயின. 1985 ஜூலை 31 அன்று, ஹிரோஷிமாவின் 40ஆம் நினைவு வாரத்தையொட்டித்தான் ஒளிபரப்பினார்கள். மக்கள் பயந்துவிடுவார்கள் என்பதற்காக மக்களுக்கு நேரப்போவதை மறைப்பது நியாயமே இல்லை.

★ 1980இல் பிரிட்டிஷ் அரசு 'ப்ரொடெக்ட் அண்ட் சர்வைவ்' என்ற கையேட்டை வெளியிட்டது. கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, மண் மூட்டைகளை அடுக்கி, அதற்கடியில் குடும்பத்தோடு பதுங்கலாம் என்றது. படக்கலைஞர் ரேமண்ட் பிரிக்ஸ் இதைக் கையில் எடுத்துக்கொண்டார். ஜிம், ஹில்டா என்ற வயதான தம்பதி, கையேட்டில் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்கிறார்கள். இரண்டாம் உலகப்போரைப் பிழைத்தவர்கள் ஆகையால் இதையும் பிழைப்போம் என்று நம்புகிறார்கள். மெத்தையுறை அழுக்காகிவிடுமே என்று ஹில்டாவுக்குக் கவலை. 1982இல் படநூலாக வந்த இந்தக் கதை 1986இல் 'வென் தி விண்ட் ப்ளோஸ்' என்ற அசைவூட்டப் படமானது. இயக்கிய ஜிம்மி முரகாமி, போர்க்காலத்தில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த டூலி லேக் முகாமில் சிறுவனாக இருந்தவர். அரசு சொன்னதை நம்பிய இரண்டு நல்ல மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நோயில் கரைவதைப் பார்க்கும்போது வரும் துக்கத்தில் கோபமும் கலந்திருக்கிறது.

★ ஒரு வெடிப்புகூட இல்லாமல் அணுப்போரைச் சொல்ல முடியுமா? 1983இல் வெளியான 'டெஸ்டமென்ட்' சொல்லியிருக்கிறது. லின் லிட்மன் இயக்கிய இந்தப் படத்தில் சன்னலில் ஒரு வெளிச்சம் அடிக்கிறது, அவ்வளவுதான். இடிபாடு இல்லை, தீக்காயம் இல்லை. கலிஃபோர்னியாவின் சிற்றூர் ஒன்றில் ஒரு தாய், வேலைக்குப் போன கணவன் திரும்பாத நிலையில், மூன்று குழந்தைகளோடு நாள்களைக் கடத்துகிறாள். கதிர்வீச்சு ஒவ்வொருவராகக் கொண்டுபோகிறது. முதலில் சவப்பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு வருகிறது, பிறகு அவையும் இல்லை. பிள்ளைகளின் பள்ளி நாடகம் மட்டும் திட்டமிட்டபடி நடக்கிறது. தாயாக நடித்த ஜேன் அலெக்சாண்டர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். என்னைக் கேட்டால், இந்த வரிசையில் மிகத் துணிச்சலான படம் இதுதான். அணுகுண்டு ஒரு காட்சி விருந்தாக ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டது.

★ 'டெஸ்டமென்ட்' படத்துக்கு வழிகாட்டி 1959இன் 'ஆன் தி பீச்'. வடபாதி உலகம் அழிந்துவிட்டது. கதிர்வீச்சு காற்றோடு தெற்கே வருகிறது. மெல்போர்னில் மிச்சமிருப்பவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். கிரிகரி பெக், ஏவா கார்ட்னர் நடிக்க, ஸ்டான்லி கிராமர் இயக்கினார். டிசம்பர் 17 அன்று மாஸ்கோ உட்படப் பல நாட்டு நகரங்களில் ஒரே நாளில் திரையிட்டார்கள். பனிப்போரின் நடுவே அது சாதாரணக் காரியம் அல்ல.

★ சிட்னி லூமெட்டின் 'ஃபெயில் சேஃப்' படத்தில் (1964) பின்னணி இசையே கிடையாது. அணுகுண்டு விழும் நொடியில், நியூயார்க் தெருவில் நடமாடும் சாமானியர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக உறைந்து நிற்க, படம் முடிகிறது.

★ கிரிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962) 28 நிமிடம். மூன்றாம் உலகப்போருக்குப் பிந்தைய பாரிஸைப் பற்றிய இந்தப் படம் முழுக்க அசையாப் புகைப்படங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும், உறங்கி விழிக்கும் பெண் கண் சிமிட்டுகிறாள்.

★ மேலை நாடுகள் கற்பனை செய்ததை அனுபவித்த நாடு ஜப்பான். அங்கே பிறந்த 'காட்ஸில்லா' இன்று குழந்தைகளுக்கான பொம்மையாகிவிட்டது. 1954 நவம்பர் 3 அன்று வெளியான முதல் படம் அப்படிப்பட்டதல்ல. அந்த ஆண்டு மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா 15 மெகாடன் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. தூரத்தில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த 'தாய்கோ ஃபுகுர்யூ மாரு' படகின் 23 பேர்மீது வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. படகின் வானொலித் தொடர்பாளர் அய்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். சரியாக 30 ஆண்டுகள் கழித்து அதே நாளில்தான் 'த்ரெட்ஸ்' ஒளிபரப்பானது. குபோயாமா இறந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில் திரையரங்குக்கு வந்த ஜப்பானியர்கள் முதலில் பார்த்தது, கடலில் ஒரு வெளிச்சம் வெடித்து ஒரு படகு எரிவதை. எரியும் தெருவில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று சொல்லும் காட்சியைப் பார்த்தவர்கள் அதை அரக்கப் படம் என்று எப்படி நினைத்திருப்பார்கள்? இயக்குநர் இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் அழிந்த ஹிரோஷிமாவைக் கண்ணால் கண்டவர். நாகசாகியில் தப்பியதைப் பற்றி ஒரு பெண் ரயிலில் பேசும் உரையாடலை 1956இன் அமெரிக்கப் பதிப்பில் வெட்டிவிட்டார்கள். 'தாய்கோ ஃபுகுர்யூ மாரு' படகு இன்றும் டோக்கியோவில் ஒரு காட்சிக்கூடத்தில் நிற்கிறது.

★ இயக்குநர் அகிரா குரோசாவாவின் நெருங்கிய நண்பர் இசையமைப்பாளர் ஃபுமியோ ஹயாசாகா. நோயாளியான அவர், ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகள் நடக்கும் உலகில் சாவு தலைக்குமேல் தொங்கும்போது வேலை ஓடவில்லை என்று வருந்தினார். அந்தப் பேச்சிலிருந்து முளைத்தது 1955இன் 'இகிமோனோ நோ கிரோகு'. குண்டுக்குப் பயந்து குடும்பத்தையே பிரேசிலுக்குக் கூட்டிப்போக நினைக்கும் ஒரு முதிய தொழிற்சாலை முதலாளி. பிள்ளைகள் அவருக்குப் பைத்தியம் என்று நீதிமன்றம் போகிறார்கள். அந்தக் கிழவராக நடித்த தொஷிரோ மிஃபுனேவுக்கு அப்போது வயது 35. படம் முடிவதற்குள் ஹயாசாகா இறந்துவிட்டார். பயப்படுகிறவர் பைத்தியமா, பயப்படாமல் இருப்பவர்கள் பைத்தியமா என்று 70 ஆண்டுகளாக அந்தப் படம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

★ 'பேர்ஃபுட் ஜென்' அசைவூட்டப் படத்தின் (1983) மூலக்கதையை வரைந்த கெய்ஜி நகாசாவாவுக்கு ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது வயது 6. அப்பா, அக்கா, தம்பி மூவரையும் இழந்தார். வண்ணப் பொம்மைப் படம்தானே என்று குழந்தைகளுக்குப் போட்டுவிடாதீர்கள்.

★ ரஷ்ய இயக்குநர் தர்கோவ்ஸ்கியின் கடைசிப் படம் 'தி சாக்ரிஃபைஸ்' (1986). அணுப்போர் மூண்ட இரவில் ஒருவர், இது நடக்காமல் போனால் என் வீட்டையும் எல்லாவற்றையும் துறக்கிறேன் என்று கடவுளிடம் வேண்டுகிறார். விடிந்தால் போர் இல்லை. வாக்கைக் காப்பாற்ற வீட்டைக் கொளுத்துகிறார். அந்தக் காட்சியை எடுத்தபோது கேமரா நின்றுபோக, வீடு வீணாக எரிந்தது. மறுபடி வீடு கட்டி, மறுபடி எரித்து எடுத்தார்கள். சோவியத் நாட்டைவிட்டு வெளியே வாழ்ந்த தர்கோவ்ஸ்கி இந்தப் படத்தைத் தன் மகனுக்குக் காணிக்கையாக்கினார். அதே ஆண்டு டிசம்பரில் காலமானார்.

★ 'த்ரெட்ஸ்' படத்தை அதன் 40ஆம் ஆண்டில், 2024 அக்டோபரில், பிபிசி மீண்டும் ஒளிபரப்பியது. ரீகனும் கோர்பசேவும் கையெழுத்திட்ட உடன்படிக்கை 2019இல் முறிந்துபோனது. உலகில் இன்னும் ஏறத்தாழ 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன.

★ எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: முதலில் 'வென் தி விண்ட் ப்ளோஸ்', பிறகு 'டெஸ்டமென்ட்', பழைய கறுப்பு வெள்ளை 'காட்ஸில்லா'. 'த்ரெட்ஸ்' கடைசியாக இருக்கட்டும். சிறு பிள்ளைகள் அருகில் வேண்டாம். தனியாகவும் பார்க்காதீர்கள். கணவனோ மனைவியோ நண்பரோ பக்கத்தில் இருக்கட்டும். முடிந்ததும் கைபேசியை எடுக்காமல் அவர்களோடு கொஞ்ச நேரம் பேசுங்கள்.