வாப்பாவின் மொரிஸ் மைனருக்கு ஒரு கம்ப்யூட்டர்: எதை எடுப்பது?

கல்முனையில் எங்கள் வீட்டு முற்றத்தில் 1098 சீசீ என்ஜின் பூட்டிய மொரிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. வாப்பா ஒரு காலத்தில் ஹயருக்கு ஓடிய கார். நடுச்சாமத்தில் பிரசவ வலியோடு வந்த எத்தனையோ உம்மாமாரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன கார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். அதற்கு ஃபியூவல் இன்ஜெக்ஷன் பூட்டலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது ஆசையால் அல்ல, எரிபொருள் வரிசையால்.

2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் என்று ஒதுக்கினார்கள். எங்கள் காரின் எஸ்.யூ. காபரேட்டர் தேய்ந்துபோய், கறுப்புப் புகையோடு அதில் ஒரு பங்கை வீணாக்கிக்கொண்டிருந்தது. வேறு வாகனம் வாங்கவும் வழியில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் இந்த நாட்டில் பழைய வாகனம் வைத்திருந்த எல்லோரும், இருப்பதை எப்படியாவது ஓடவைக்கும் வேலையில்தான் இருந்தோம்.

காபரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்டர் பூட்டுவதென்றால் என்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். மெக்கானிக்குகள் ஈசியூ என்று சொல்லும் பெட்டி அதுதான். எந்தப் பெட்டியை வாங்குவது என்று தேடத் தொடங்கி, ஒருமுறை பிழையாக வாங்கி, காசையும் விட்ட பிறகு நான் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். மைனர் மட்டுமல்ல, ஒஸ்ரினோ பழைய டட்சனோ வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

காபரேட்டர் செய்வதும் கம்ப்யூட்டர் செய்வதும்

ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த அளவுக்குக் கிட்டவாகக் கலவையை வைத்திருப்பதுதான் காபரேட்டரின் வேலை. காற்று ஓடும்போது உண்டாகும் உறிஞ்சலில் பெற்றோலும் சேர்ந்து இழுபடுகிறது. எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் என்ஜின் குளிர்ந்திருக்கிறதா, சூடேறிவிட்டதா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் காலையில் சோக் இழுக்கிறோம். கடல் மட்டத்தில் இருக்கும் கல்முனையில் சரியாக ஓடும் கார், 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்குப் போனால் புகை கக்கும். அங்கே காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டரோ ஊரில் கொடுத்த கணக்கிலேயே பெற்றோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஈசியூ அளந்துவிட்டுக் கொடுக்கிறது. உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பம், தண்ணீரின் வெப்பம், அக்சிலேட்டர் திறந்திருக்கும் அளவு, என்ஜின் சுற்றும் வேகம் ஆகியவற்றைச் சென்சர்கள் சொல்ல, இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெக்கன் திறப்பது என்று ஒரு அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடுகிறது. புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சர், கொடுத்தது கூடிற்றா குறைந்ததா என்று திருப்பிச் சொல்கிறது. அந்த அட்டவணையை நம் என்ஜினுக்கு ஏற்றபடி நிரப்புவதைத்தான் டியூனிங் என்கிறார்கள்.

பெட்டிக்கு முன் மின்சாரம்

பழைய மைனர்களில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியில் ஏர்த். இன்று விற்கப்படும் ஈசியூக்கள் எல்லாம் நெகட்டிவ் ஏர்த்துக்குச் செய்யப்பட்டவை. மாற்றாமல் இணைத்தால் முதல் நாளே பெட்டி புகையாகிவிடும். அடுத்தது டைனமோ. லூக்காஸ் டைனமோ நன்றாகச் சுற்றும்போதே 22 அம்பியர் அளவுதான் தரும், ஐட்லிங்கில் கிட்டத்தட்ட ஒன்றும் தராது. இன்ஜெக்ஷனுக்கான பெற்றோல் பம்ப் என்ஜின் ஓடும் நேரமெல்லாம் ஓட வேண்டும். இரவில் லைட்டும் வைப்பரும் போட்டால் வோல்டேஜ் விழும், கம்ப்யூட்டர் நின்று நின்று வேலை செய்யும். ஆகவே ஓல்டர்னேட்டர் கட்டாயம்.

பம்பும் வேறு. காபரேட்டருக்கு மிகச் சிறிய அழுத்தம் போதும். இன்ஜெக்டருக்குப் பொதுவாக 3 பார் வரை வேண்டும். அந்த அழுத்தத்தில் பழைய றப்பர் குழாய் வெடித்தால் கார் எரியும். அழுத்தம் தாங்கும் புதிய குழாயும், மிஞ்சும் பெற்றோல் டாங்கிக்குத் திரும்ப இன்னொரு குழாயும் போட வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவை ஒதுக்கிவிட்டுத்தான் ஈசியூவின் விலையைப் பார்க்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

நாலு சிலிண்டர், இரண்டு வாசல்

நான் முதலில் வாங்கியது இணையத்தில் விற்கப்பட்ட ஒரு முழு செட். எந்தப் பழைய நாலு சிலிண்டர் என்ஜினுக்கும் பொருந்தும் என்று விளம்பரம். இன்ஜெக்டர்களைச் சிலிண்டர் தலையின் வாசலருகே பூட்டும் முறை அது. கார் ஸ்டார்ட் ஆனது. ஒட்சிசன் சென்சர் காட்டிய எண்ணும் சரியாக இருந்தது. ஆனால் இழுவையில் நடுங்கியது. எங்கள் கராஜ் காக்கா பிளக் நாலையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தார். நடுவில் உள்ள இரண்டும் கரி பிடித்துக் கறுப்பு. ஓரத்து இரண்டும் சாம்பல் வெள்ளை.

"தம்பி, ரெண்டு பேருக்கு வயிறு முட்டச் சோறு, ரெண்டு பேர் பசியில கெடக்காங்க. இப்பிடியே ஓடினா வால்வு எரியும்" என்றார்.

காரணம் என்ஜினின் பிறப்பிலேயே இருக்கிறது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மைனருக்கு, 1952 முதல் ஏ-சீரிஸ் என்ஜினைப் பூட்டினார்கள். அதன் தலையில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே உள்வாசல்கள். 1உம் 2உம் ஒரு வாசல், 3உம் 4உம் மற்றது. எரியும் ஒழுங்கு 1-3-4-2. அதாவது 3 இழுத்தவுடனே அதே வாசலில் 4 இழுக்கும், 2 இழுத்தவுடனே 1 இழுக்கும். பிறகு அந்த வாசலில் ஒரு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் தெளித்த பெற்றோல் வாசலிலேயே காத்து நிற்கும். அடுத்து முதலாவதாக இழுக்கும் நடுச்சிலிண்டர் அதை அள்ளிக்கொள்ளும். ஓரத்துச் சிலிண்டருக்குக் காற்றுத்தான் மிச்சம். புகைக்குழாய் சென்சர் நாலு பேரின் புகையையும் கலந்து பார்ப்பதால், கூடியதும் குறைந்ததும் சேர்ந்து சராசரி சரியாகத் தெரிகிறது. கம்ப்யூட்டருக்குத் தெரியாததைப் பிளக் காட்டிக்கொடுத்தது.

இதே என்ஜினைப் பூட்டிய மினி காருக்கு ரோவர் கம்பனி 1990களில் இன்ஜெக்ஷன் போட்டபோது முதலில் செய்தது, காபரேட்டர் இருந்த இடத்திலேயே ஒரே ஒரு இன்ஜெக்டரை வைத்தது. கலவை பழைய வழியிலேயே குழாய்க்குள் பிரிந்து போனது. 1996இல் வந்த வகையில்தான் வாசலுக்கு ஒன்றாக இரண்டு இன்ஜெக்டர்கள் வந்தன. அவை எந்தச் சிலிண்டர் எப்போது இழுக்கிறது என்று பார்த்து, நேரம் பிரித்துத் தெளித்தன. ஆக, ஏ-சீரிஸ் என்ஜினுக்கு இரண்டு வழிதான்: ஒற்றை இன்ஜெக்டர், அல்லது நேரம் பிரிக்கத் தெரிந்த ஈசியூ. எந்தப் பெட்டி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது என்ஜினின் தலை.

சந்தையில் உள்ள மூன்று வகை

முதலாவது, வேறொரு காரிலிருந்து கழற்றிய கம்பனி ஈசியூ. மலிவு, உறுதி. ஆனால் உள்ளே இருக்கும் அட்டவணை அந்தக் காருக்கானது. பூட்டியிருப்பதால் மாற்றுவது கடினம். பிந்திய மொடல்களில் சாவியின் இம்மொபிலைசரும் சேர்ந்து வந்து தொல்லை கொடுக்கும்.

இரண்டாவது, தானே கற்றுக்கொள்ளும் திரொட்டில் பொடி செட்கள். ஹோலி ஸ்னைப்பர் போன்றவை. பூட்டி, சில கேள்விகளுக்கு விடை கொடுத்தால் ஓடத் தொடங்கும். ஆனால் அவற்றில் அதிகம் விற்பவை பெரிய அமெரிக்க வீ8 என்ஜின்களுக்கானவை. 48 குதிரைவலு மைனருக்கு நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லிலீற்றர் தரும் ஒரு இன்ஜெக்டரே போதும். மிகப் பெரிய இன்ஜெக்டரைப் போட்டால் ஐட்லிங்கில் சொட்டளவைக் கட்டுப்படுத்த முடியாது.

மூன்றாவது, நாமே நிரப்பக்கூடிய ஈசியூக்கள். அவுஸ்திரேலியாவின் ஹால்டெக், நியூசிலாந்தின் லிங்க் ஆகியவை தரமானவை, நீர் புகாதவை, விலையும் அப்படியே. 2001இல் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் தொடங்கிய மெகாஸ்குவேர்ட், பொழுதுபோக்காளர்கள் கையால் ஒட்டிச் செய்யக்கூடியதாக வந்தது. ஏ-சீரிஸின் இரட்டை வாசலுக்கென்றே எழுதிய மென்பொருளும் அதற்கு உண்டு. ஸ்பீடுயினோ, ஆர்டுயினோ மெகா போர்டின் மேல் ஓடும் திறந்த வகை. சேர்க்கிட் படமும் மென்பொருளும் எல்லோரும் பார்க்கக் கிடைக்கின்றன.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை சில. எத்தனை இன்ஜெக்டரை ஓட்டும்? தீப்பொறியையும் பார்க்குமா, பழைய டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துக்கொள்ளலாமா? சுழற்சியை எதிலிருந்து வாசிக்கும்? தீப்பொறியையும் கொடுப்பதானால், 36 பல்லில் ஒன்று குறைத்த சில்லு ஒன்றை கிராங்கில் பூட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு பல்லும் 10 பாகை, இல்லாத பல்தான் இடம் காட்டும் அடையாளம். ஒற்றை இன்ஜெக்டருக்கு மட்டும் என்றால் கொயிலின் சிக்னலே போதும். ஒரு சில்லு, ஒரு சென்சர், ஒரு வெல்டிங் மிச்சம்.

கடற்கரை ஊரின் கணக்கு

இந்தக் கேள்விகளுக்கு மேல் இன்னொன்றையும் கராஜ் காக்காதான் கேட்டார். "கம்ப்யூட்டர் வாங்குற லேசி. அது நிண்டு போற அண்டைக்கி ஆருக்கிட்ட கொண்டு போற?"

கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கும் அதிகம். விலை உயர்ந்த பெட்டி பழுதானால் அதைத் திருத்துபவர் வெளிநாட்டில். ரூபா சரிந்த 2022க்குப் பிறகு டொலரில் இன்னொன்று வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு நினைத்தும் பார்க்க முடியாதது. ஸ்பீடுயினோவின் போர்ட்டை சாய்ந்தமருதில் போன் திருத்தும் ஒரு தம்பியிடம் காட்டினேன். படத்தையும் போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல இரிக்கிற சாமான் கூட எங்கட கடையிலயே கெடக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் முடிவு பாதி ஆகிவிட்டது.

கடல் காற்றும் கணக்கில் வர வேண்டும். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. உப்பு முதலில் தின்பது கம்ப்யூட்டரை அல்ல, அதன் பிளக் முனைகளையும் ஏர்த் போல்ட்டையும். அதனால் பெட்டியை என்ஜின் பக்கம் வைக்காமல் டாஷ்போர்ட்டுக்குள் உயரமாக வைத்தோம். மார்கழி வெள்ளத்தில் காருக்குள் தண்ணீர் வந்தாலும் எட்டாது. வெளியே வரும் இணைப்புகளுக்கு ரப்பர் சீல் உள்ளவற்றையே எடுத்தோம்.

கடைசியில்

ஒற்றை இன்ஜெக்டர், ஸ்பீடுயினோ, பழைய டிஸ்ட்ரிபியூட்டர். இதுதான் எங்கள் செட். முதல் செட்டில் போன காசு போனதுதான். ஆனால் அதன் பம்பும் சென்சர்களும் மீண்டும் உதவின. லப்டொப்பில் டியூனர்ஸ்டூடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் பக்கத்து ஆசனத்தில் இருக்க, காக்கா அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் இடையில் ஓட்டினார். பல நாள் மாலைகள் அதற்கே போயின. ஒவ்வொரு நாளும் வந்து பிளக் நாலையும் கழற்றிப் பார்த்தோம். நாலும் ஒரே பழுப்பு நிறத்துக்கு வந்த நாளில்தான் அட்டவணையை நம்பினோம்.

இப்போது காலையில் சோக் இழுக்கத் தேவையில்லை. கறுப்புப் புகையும் இல்லை. வாப்பா முதல் தடவை சாவியைத் திருப்பி, என்ஜின் உடனே பிடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"பழைய காபரேட்டர எங்க வெச்ச?"

"மேல றாக்கையில இரிக்கி வாப்பா. பம்பும் அதோடதான்."

"எறிஞ்சிராத."

எறியமாட்டேன். என்றைக்காவது பெட்டி நின்றுபோனால், அந்தக் காபரேட்டரைப் பூட்டி இந்தக் காரைத் திரும்ப ஓட்டத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.