திறந்து வைத்துத் தரலாமா?

2016ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கிறிஸ்துமஸை எதிர்நோக்கி ஜெர்மானியர் தம் இல்லங்களில் முதல் மெழுகுவத்தியை ஏற்றுகின்ற அந்தத் தினத்தில், டாய்ச்ச டெலிகாம் என்னும் பெருநிறுவனத்தின் சந்தாதாரர்களில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேருடைய இன்டர்நெட் இணைப்பு அறுந்துபோயிற்று. அறுந்தது இன்டர்நெட் மட்டுமன்று. தொலைபேசியும், பலருக்குத் தொலைக்காட்சியும், சுவரோரமாக வைக்கப்பட்டிருந்த அதே சிறு பெட்டியின் வழியாகவே வந்துகொண்டிருந்தபடியால், ரவுட்டர் என்ற அந்தப் பெட்டி ஸ்தம்பித்த மாத்திரத்தில் வீட்டின் பேச்சும் செய்தியும் பொழுதுபோக்கும் ஒருங்கே நின்றுவிட்டன. திங்கட்கிழமையும் கோளாறு முற்றாகத் தீரவில்லை.

அந்த நிறுவனத்தின் தலைமைக் காரியாலயம் பான் நகரில் இருக்கிறது. ரைன் நதிக்கரையில் அமைந்த இந்நகரம் மேற்கு ஜெர்மனியின் தலைநகராக நாற்பது ஆண்டுகள் விளங்கியது. 1999இல் பாராளுமன்றமும் சர்க்காரின் பெரும்பகுதியும் பெர்லினுக்குக் குடிபெயர்ந்த பிறகும் சில முக்கியமான அலுவலகங்கள் இங்கேயே தங்கிவிட்டன. நகரின் தென்பகுதியை ஊடுருவிச் செல்லும் பெருஞ்சாலை ஒன்று, அடேனாவர், வில்லி பிராண்ட், பிரீட்ரிக் ஏபெர்ட் என்று தலைவர்களின் பெயர்களைப் பகுதிக்கு ஒன்றாகத் தாங்கிச் சென்று, முடிவில் கோடஸ்பெர்க் சாலையாகிறது. ஏபெர்ட் பகுதியில் டெலிகாம் இருக்கிறது. கோடஸ்பெர்க் பகுதியில், 1991இல் ஸ்தாபிக்கப்பட்ட மத்திய சர்க்காரின் தகவல் பாதுகாப்பு அலுவலகம், பி.எஸ்.ஐ. என்று சுருக்கமாக வழங்கப்படுவது, இருக்கிறது. அடிபட்ட நிறுவனமும், அந்த அடிக்கு மூலத்தை ஆராய்ந்து விதி வகுக்க வேண்டிய அலுவலகமும் ஒரே சாலையின் தொடர்ச்சியில் அமைந்த ஊர் இது. கம்ப்யூட்டரையும் ரவுட்டரையும் நடத்தும் இயங்குதளங்கள், அபாயத்துக்கு இடந்தரும் நெட்வொர்க் வசதிகளை அணைத்து வைத்துத்தான் நம் கையில் தரவேண்டுமா என்ற கேள்வியை இங்கிருந்து பார்ப்பது பொருத்தமென்று கருதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது என்ன? சந்தாதாரர் வீட்டுக்கு ஆள் அனுப்பாமல், தொலைவிலிருந்தபடியே ரவுட்டரில் புதிய மென்பொருளை ஏற்றவும் அமைப்புகளைத் திருத்தவும் டி.ஆர்-069 என்றொரு நெறிமுறை உண்டு. அதற்கென்று 7547 என்ற எண்ணுள்ள நெட்வொர்க் வாயில், பொறியாளர் போர்ட் என்று சொல்வது, ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வாயில், பராமரிப்பு செய்யும் கம்பெனியின் சர்வருக்கு மட்டும் என்றில்லாமல், பூமியின் எந்த மூலையிலிருந்து எவர் தட்டினாலும் பதில் சொல்லும் நிலையில் திறந்து கிடந்தது. மிராய் என்னும் நாசகார நிரலின் புதிய வகையொன்று, முகவரி முகவரியாக உலகெங்கும் அந்த வாயிலைத் தட்டிக்கொண்டே வந்தது. அது குறிவைத்த பலவீனம், அயர்லாந்தில் வேறொரு கம்பெனி விநியோகித்த ரவுட்டர்களில் கண்டுபிடிக்கப்பட்டது. டெலிகாமின் ஸ்பீட்போர்ட் ரவுட்டர்களில் அந்தப் பலவீனமே இல்லை. அவற்றுக்குள் நிரல் நுழையவில்லை. இடைவிடாத தட்டலைத் தாங்கமாட்டாமல் அவை செயலற்றுப் போயின, அவ்வளவே.

இந்தச் சம்பவத்தில் என் மனத்தில் ஆழப் பதிந்தது இதுதான். மென்பொருளைப் பிழையின்றி எழுதிவிட்டால் வாயில் திறந்திருந்தால்தான் என்ன, பிழை தெரிந்தவுடன் திருத்தம் அனுப்பினால் போதாதா என்று வாதிப்பவர்கள் உண்டு. பிறர் வீட்டுக்கென்று வந்த திருடன் நம் வீட்டுக் கதவை இடித்த இடியிலேயே கதவு விழுந்துவிட்டதென்றால், பூட்டின் தரத்தைப் பற்றிப் பேசி என்ன பிரயோஜனம்? அந்தக் கதவு தெருவைப் பார்த்து இருக்கவேண்டிய அவசியமே இல்லை என்பதல்லவா விஷயம்! தாக்குதலை நடத்திய 29 வயது பிரிட்டிஷ் வாலிபர் 2017 ஜூலையில் கொலோன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, ஆப்பிரிக்காவில் லைபீரியாவின் தொலைபேசி நிறுவனம் ஒன்றை முடக்குவதற்காகக் கூலி பெற்றுக்கொண்டு, அதற்கு வேண்டிய யந்திரப் படையைத் திரட்டவே உலகெங்கும் வலைவீசியதாகச் சொன்னார். ஓராண்டு எட்டு மாதச் சிறைத்தண்டனை, நிறுத்திவைக்கப்பட்டதாக, அவருக்கு விதிக்கப்பட்டது. லைபீரியாவைக் குறித்துப் புறப்பட்ட பகை, அதனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு ஜெர்மன் மூதாட்டியின் தொலைபேசியை ஊமையாக்குவதற்கு, அவள் கேள்விப்பட்டே இராத ஒரு வாயிலை யாரோ திறந்துவைத்திருந்தது காரணமாயிற்று.

பரிகாரம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ரவுட்டரின் மின்செருகியைப் பிடுங்கிச் சிறிது நேரம் கழித்து மறுபடி சொருகுங்கள் என்றது டெலிகாம். அப்படிச் சொருகியதும் பெட்டி தானாகவே புதிய மென்பொருளை இறக்கி ஏற்றிக்கொண்டது. அதாவது, தொலைவிலிருந்து பராமரிக்கும் வசதிதான் அதைக் குணப்படுத்தியது. ஆகவே, வசதிகளையெல்லாம் ஒழித்துவிடவேண்டும் என்பது என் கட்சியன்று. யாருக்காக ஒரு வாயில் உண்டாக்கப்பட்டதோ அவருக்கு மட்டுமே அது திறக்கவேண்டும். யாருக்கும் தேவைப்படாத வாயில், தேவை ஏற்படும் வரையில் மூடியே இருக்கவேண்டும். இந்தத் தீர்மானத்தைப் பொருளைச் செய்தவன் செய்யவேண்டுமேயன்றி வாங்கியவன் தலையில் கட்டக்கூடாது. கம்ப்யூட்டரை வாங்கி வந்து உறையைப் பிரிப்பவரில் எத்தனை பேர் அமைப்புப் பக்கங்களைத் திறந்து பார்க்கிறார்கள்? தயாரிப்பாளன் வைத்த நிலையிலேயே பெரும்பாலான யந்திரங்கள் ஆயுள் முழுவதும் ஓடித் தேய்கின்றன. அவன் எப்படி வைக்கிறானோ அதுவே கோடிக்கணக்கான ஜனங்களின் விதியாகிறது.

இதற்கு விண்டோஸின் சரித்திரமே பிரமாணம். விண்டோஸ் எக்ஸ்.பி. 2001இல் வெளிவந்தபோதே, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் அதற்குள் இருந்தது. ஆனால் அணைந்த நிலையில் இருந்தது. 2003 ஆகஸ்டில், தானே தொற்றிச் செல்லும் நாசகார நிரலான பிளாஸ்டர் என்ற புழு பரவிற்று. அதற்கான திருத்தம் ஜூலையிலேயே வெளியாகியிருந்தது, போட்டுக்கொண்டவர்கள் குறைவு. 2004 மே மாதத் தொடக்கத்தில், வட ஜெர்மனியின் கிராமம் ஒன்றைச் சேர்ந்த மாணவன் எழுதிய சாசர் என்னும் புழு, 445ஆம் வாயில் வழியாக, எவரும் எந்தக் கடிதத்தையும் திறக்காமலே எதையும் அழுத்தாமலே, கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவிற்று. அந்நாளில் புதிய கம்ப்யூட்டரை இணைத்து, திருத்தங்களை இறக்கி முடிப்பதற்குள்ளாகவே அது புழுவுக்கு இரையாகிவிடுவது சர்வசாதாரணம். 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாவது சர்வீஸ் பேக் அந்த ஃபயர்வாலைத் தானே இயங்கும்படி வைத்தது. அதே கம்பெனி, அதே மென்பொருள், ஏற்கெனவே உள்ளே கிடந்த காவல். மாறியது ஆரம்ப நிலை ஒன்றுதான். மூன்றாண்டுகளுக்கு முன்பே செய்திருக்கக்கூடிய அந்த மாற்றத்தால் எவ்வளவு நஷ்டம் தவிர்ந்திருக்கும் என்று எண்ணும்போது வருத்தமே மேலிடுகிறது.

பானுக்கும் இந்தச் சரித்திரத்தில் கௌரவமான ஓர் இடம் உண்டு. 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்பிக்கர் என்னும் புழு, மறு ஆண்டு ஜெர்மன் ராணுவத்தின் கம்ப்யூட்டர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெலிக்ஸ் லேடர், தில்மன் வெர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் அதன் உள்ளமைப்பைப் பிரித்துப் படித்தார்கள். தான் புகுந்த ஓட்டை வழியே வேறெவரும் புகாதபடி அந்தப் புழு அதை ஒருவிதமாக அடைத்துவிடுகிறது. அப்படி அடைத்த இடத்தில் வெளியிலிருந்து தட்டினால் வரும் பதில், ஆரோக்கியமான கம்ப்யூட்டரின் பதிலினின்றும் சற்று வேறுபடுகிறது. இந்த நுட்பமான வித்தியாசத்தை அவர்கள் கண்டுகொண்டதனால், 2009 மார்ச் இறுதியில், நோயுற்ற யந்திரங்களை நெட்வொர்க் வழியாகவே சோதித்துப் பொறுக்கியெடுக்கும் கருவிகள் சாத்தியமாயின. அரிய உழைப்பு அது. ஆயினும் அவ்வளவு அறிவும் வந்த வியாதியை அடையாளம் காணத்தான் செலவாயிற்று.

வியாதி வருமுன் வாயிலை மூடுவதன் அருமைக்கு இன்னோர் உதாரணம் உண்டு. கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்கான எஸ்.எம்.பி. என்ற நெறிமுறையின் முதல் பதிப்பு 1980களில் பிறந்தது. அதை இனிப் பயன்படுத்தவேண்டாமென்று மைக்ரோசாப்டின் பொறியாளர் ஒருவரே 2016 செப்டம்பரில் பகிரங்கமாக மன்றாடி எழுதினார். ஆனால் விண்டோஸில் அது தொடர்ந்து இயங்கும் நிலையிலேயே வந்துகொண்டிருந்தது. 2017 மே 12ஆம் தேதி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற நாசகார நிரல் அதன் வழியாகத்தான் புகுந்தது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் சிகிச்சைகளை ஒத்திப்போட்டன, ஜெர்மன் ரயில் நிலையங்களில் வண்டி நேரம் காட்டும் பலகைகள் பணம் கேட்டு மிரட்டும் அறிவிப்பைக் காட்டி நின்றன. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், புதிதாக நிறுவும்போது பழைய எஸ்.எம்.பி.யின் சர்வர் பகுதி விலக்கப்பட்டது. வீட்டுப் பதிப்பில் விடப்பட்ட கிளையன்ட் பகுதியோ, கம்ப்யூட்டர் இயங்கிய நேரத்தில் பதினைந்து நாள் அளவுக்குத் தொடாமல் கிடந்தால் தன்னைத்தானே நீக்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. பயன்படுத்துகிறவனைத் தொந்தரவு செய்யாமல், பயன்படுத்தாதவனைக் காப்பாற்றும் இந்த முறையை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லையென்று சொல்வதற்கில்லை. நம் ஊர் ஜெராக்ஸ் கடை ஒன்றை எண்ணிப் பாருங்கள். பழைய பெரிய மெஷினில் ஸ்கேன் செய்தால் கோப்பு பக்கத்துக் கம்ப்யூட்டரின் ஷேர்டு ஃபோல்டரில் போய் விழவேண்டும். அந்த மெஷினுக்குத் தெரிந்ததோ பழைய எஸ்.எம்.பி. மட்டுமே. புதிய கம்ப்யூட்டர் வந்த அன்று ஸ்கேன் போய்ச் சேராது. வாடிக்கையாளர் வரிசையில் நிற்க, கடைக்காரர் சர்வீஸ் ஆளுக்குப் போன் செய்கிறார். அவர் வந்து, "விண்டோஸ் ஃபீச்சர்ஸ்" பட்டியலில் ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, கூடவே ஃபயர்வாலையும் அணைத்துவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு போகிறார். பாதுகாப்புக்கென்று மூடப்பட்டது, முன்னைவிட அகலமாகத் திறந்துகொள்கிறது. ஆதலின் மூடிவைத்தால் மட்டும் போதாது. எது மூடப்பட்டிருக்கிறது, ஏன், இந்த ஒரு மெஷினுக்கு மட்டும் திறப்பது எங்ஙனம் என்பதைக் கடைக்காரரின் பாஷையில், தமிழிலேயே, திரையில் சொல்லவேண்டும். அந்தச் சிரமத்தைத் தயாரிப்பாளர்கள் எடுத்துக்கொள்வதில்லை. சிலருடைய அசௌகரியம் இவ்வாறு உண்மையானதே. எனினும் அதற்காக, அப்படியொரு மெஷினைக் கண்டிராத மற்றவர்களையெல்லாம் அபாயத்தில் நிறுத்துவது நியாயமாகாது. தேவைப்படுகிறவன் அறிந்து திறக்கலாம். தேவையில்லாதவன், தான் அறியாத ஒன்றை மூடமுடியாது.

பி.எஸ்.ஐ. 2018 நவம்பரில் வீட்டு ரவுட்டர்களுக்கான தொழில்நுட்ப விதிகளை வெளியிட்டது. ஆரம்ப நிலையில் இன்றியமையாத சேவைகள் மட்டுமே திறந்திருக்கவேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் வரும் என்பதைப் பெட்டியின் மீதே அறிவிக்கும் கட்டாயம் அதில் இல்லையென்று, கம்ப்யூட்டர் அறிஞர்களின் பழைய சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் உடனே கண்டித்தது. அந்தக் கண்டனம் முற்றிலும் சரியென்றே எனக்குப் படுகிறது. விதிகள் விருப்பத்தின் பேரில் பின்பற்றத்தக்கவை என்பது இன்னொரு குறை. பானுக்கு அருகில் இயங்கும் பிரௌன்ஹோபர் ஆய்வு நிலையம் ஒன்று 2020இல் ஏழு கம்பெனிகளின் 127 ரவுட்டர்களைச் சோதித்தபோது, குறையற்றது ஒன்றுகூட அகப்படவில்லை. 46 ரவுட்டர்களுக்கு முந்திய ஓராண்டில் ஒரு பாதுகாப்புத் திருத்தமும் வந்திருக்கவில்லை.

விருப்பத்தை நம்பியிருந்த காலம் ஐரோப்பாவில் இப்போது முடிவுக்கு வருகிறது. 2024 டிசம்பரில் அமலுக்கு வந்த ஐரோப்பிய யூனியனின் சைபர் சட்டம், டிஜிட்டல் பொருள்கள் பாதுகாப்பான ஆரம்ப நிலையிலேயே விற்பனைக்கு வரவேண்டும் என்றும், வெளியிலிருந்து தாக்கத்தக்க வாயில்களைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்றும் விதிக்கிறது. முக்கியமான கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயம். மீறினால் ஒன்றரைக் கோடி யூரோ, அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் நூற்றுக்கு இரண்டரை, எது அதிகமோ அதுவரையில் அபராதம் விதிக்கலாம். இயங்குதளங்களும் ரவுட்டர்களும் இதற்கு உட்பட்டவையே. ஆனால் அந்தத் தேதிக்கு முன் சந்தைக்கு வந்துவிட்ட பொருள்கள், பெரிதும் மாற்றியமைக்கப்பட்டாலன்றி, அந்தக் கடமைகளுக்குள் வாரா; ஆகவே இன்று வீடுகளில் கிடக்கும் பழைய பெட்டிகள் பழைய நிலையிலேயே பல்லாண்டு இருக்கும்.

இந்தியாவில் நமக்கும் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். சந்தாதாரர்களின் மோடம்கள், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாறாத காரணத்தால், ஆயிரக்கணக்கில் முடக்கப்பட்டன. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சந்தாதாரர்களுக்கு உபதேசம் செய்யப்பட்டது. உபதேசம் போய்ச் சேரவேண்டிய இடம் சந்தாதாரர் வீடன்று, கொள்முதல் செய்யும் காரியாலயம். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கென்று லட்சக்கணக்கான மடிக்கணினிகளை எல்காட் என்னும் மாநில சர்க்கார் நிறுவனம் வாங்கியிருக்கிறது. அத்தனை பெரிய வாடிக்கையாளர் டெண்டர் கோரும்போது, கோப்புப் பகிர்வு, தொலைவிலிருந்து இயக்கும் வசதி, பழைய எஸ்.எம்.பி. ஆகியன அணைந்த நிலையிலும் ஃபயர்வால் இயங்கும் நிலையிலும் யந்திரம் தரப்படவேண்டும், திருத்தங்கள் எந்த ஆண்டுவரை வரும் என்பது பெட்டியின் மேல் தமிழில் அச்சிடப்படவேண்டும் என்று நிபந்தனை சேர்த்தால், மறுத்துப் பேசி இந்த ஆர்டரை இழக்கத் துணியும் கம்பெனி எதுவும் இராது. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; அடுத்த டெண்டர் வெளியாவதற்கு முன் அதன் தொழில்நுட்பப் பகுதியைத் திருத்தி எழுதும் பொறியாளர் ஒருவர் போதும்.