குதிரை ஏன் கீழ்ப்படிகிறது?

மணல் பரப்பிய ஓர் ஆடுகளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீளம் 60 மீட்டர். அகலம் 20 மீட்டர். இசை ஒலிக்கிறது. 500 அல்லது 600 கிலோ எடையுள்ள குதிரை ஒன்று உள்ளே வருகிறது. ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றபடி, தாளம் தவறாமல் கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கிறது. பிறகு பக்கவாட்டில் நகர்கிறது. பின்னர் பின்னங்கால்களை அச்சாகக் கொண்டு சுழல்கிறது. மேலே அமர்ந்திருப்பவரோ அசைவதாகவே தெரியவில்லை. 'இந்தக் குதிரைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?' என்று வியக்கத் தோன்றுகிறது அல்லவா?

இந்தக் கலைக்கு 'டிரெஸ்ஸாஜ்' என்று பெயர். பயிற்றுவித்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலிருந்து இது ஒரு போட்டியாக நடந்து வருகிறது. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியக் குழு தங்கப் பதக்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார்கள்.

இந்த அசைவுகளைக் குதிரைக்குக் கற்பிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பொறுமையாகப் புரியவைத்தல். மற்றொன்று, வலியாலும் அச்சத்தாலும் பணியவைத்தல். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். குதிரைக்கு ஒன்றல்ல. இதை அறிவியல் எப்படிக் கண்டறிந்தது என்று பார்ப்போம்.

பழைய கேள்வி

கேள்வி புதியதன்று. கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கப் படைத்தலைவர் செனஃபோன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். வற்புறுத்திச் செய்விக்கும் செயலைக் குதிரை புரிந்துகொள்வதில்லை, அதில் அழகும் இராது என்பது அவர் கருத்து. போர்க்களத்தில் குதிரையை நம்பி உயிரை வைத்திருந்தவர் சொன்னது இது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பிரான்சில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்த புளுவினெல் என்பவரும், 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லா கெரினியேரும் இதே வழியில் சென்றார்கள். லா கெரினியேரின் முறையை இன்றும் பின்பற்றுகிறது வியன்னாவிலுள்ள ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளி. அங்கே வெண்ணிற லிப்பிசானர் குதிரை ஒன்று முழுப் பயிற்சி பெறச் சுமார் 6 ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பள்ளியின் கலையை 2015-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஈ உட்கார்ந்தாலும் தெரியும்

குதிரை, புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகாமல் ஓடித் தப்பி வாழ்ந்த இனம். அதன் புலன்கள் அதற்கேற்ப அமைந்தவை. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ள சிறு பகுதிகளைத் தவிர, சுற்றிலும் உள்ள அனைத்தையும் அதனால் பார்க்க முடியும். தோலோ மிக நுட்பமானது. முதுகில் ஓர் ஈ உட்கார்ந்தால், அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதை விரட்டிவிடும். ஈயின் பாதம் தெரியும் உடலுக்குச் சவுக்கு எப்படித் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

குதிரையின் நுண்ணுணர்வுக்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். ஊரே வியந்தது. 1907-இல் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் உண்மையை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தாலும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தம்மை அறியாமலே சிறிது அசைந்தது. அந்த அசைவைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்தியது. ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் மனிதரைப் படிக்கத் தெரிந்திருந்தது!

இவ்வளவு நுட்பமாகப் படிக்கும் விலங்குக்கு உரக்கச் சொல்ல வேண்டிய தேவை என்ன?

விடுவிப்பே வெகுமதி

குதிரை எப்படிக் கற்கிறது? பயிற்சியாளர் காலால் விலாவை இலேசாக அழுத்துகிறார். குதிரைக்கு அது சிறு தொந்தரவு. அதைப் போக்கிக்கொள்ள ஏதேதோ செய்து பார்க்கிறது. தற்செயலாக ஓரடி முன்னே வைக்கிறது. அந்தக் கணமே பயிற்சியாளர் அழுத்தத்தை எடுத்துவிடுகிறார். சில முறை இப்படி நடந்தால், 'இந்த அழுத்தத்துக்கு முன்னே நடப்பதுதான் விடை' என்று குதிரை கற்றுக்கொள்கிறது. ஆக, கற்பிப்பது அழுத்தம் அன்று. அழுத்தம் நீங்குவதே கற்பிக்கிறது.

நம் ஊர் வண்டிக்காரரை நினைத்துப் பாருங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கயிற்றை இலேசாக இழுத்து, மாடு திரும்பியதும் தளர்த்திவிடுவார். தெரியாதவர் இழுத்த கயிற்றை விடவே மாட்டார். மாட்டுக்குத் திரும்பியதும் தவறு, திரும்பாததும் தவறு என்றாகிவிடும்.

இதோடு நேரடி வெகுமதியையும் சேர்க்கலாம். ஒரு துண்டு காரட் கொடுக்கலாம். பிடரியின் அடியில் சொறிந்தும் விடலாம். குதிரைகள் ஒன்றுக்கொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது.

இனி வன்முறை வழிக்கு வருவோம். கடிவாளம் வாயை இழுக்கிறது. அதே நேரத்தில் குதிமுள் விலாவைக் குத்துகிறது. ஒன்று 'நில்' என்கிறது. மற்றொன்று 'போ' என்கிறது. எதைச் செய்தாலும் வலி நீங்குவதில்லை. இந்த நிலையில் சில குதிரைகள் முரண்டு பிடிக்கும். வேறு சில எல்லாவற்றையும் பொறுத்து அடங்கிவிடும். 1967-இல் அமெரிக்க உளவியலார் செலிக்மனும் மையரும் நாய்களிடம் இத்தகைய நிலையைக் கண்டார்கள். தப்ப முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு தப்ப வழி இருந்தும் முயலாமல் கிடந்தன. குதிரையின் அமைதியிலும் இப்படி ஒரு கைவிட்ட நிலை மறைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். அமைதி எல்லாம் இசைவு ஆகிவிடாது.

வளைத்த கழுத்து

டிரெஸ்ஸாஜ் உலகில் மிகுந்த சர்ச்சைக்குள்ளான முறை ஒன்று உண்டு. 'ரோல்கூர்' என்பது அதன் ஜெர்மானியப் பெயர். கடிவாள வாரை இழுத்து, குதிரையின் முகவாய் மார்பைத் தொடும் அளவுக்குக் கழுத்தை வளைத்துப் பிடித்துப் பயிற்சி தருவார்கள். இதனால் முதுகுத் தசைகள் இளகும், குதிரை நன்கு வசப்படும் என்பது இதை ஆதரிப்போர் வாதம். இந்த முறையில் பழகிய குதிரைகள் பெரிய பதக்கங்களை வென்றதும் உண்மைதான்.

உடலமைப்பு என்ன சொல்கிறது? குதிரையால் நம்மைப்போல் வாயால் மூச்சுவிட முடியாது; மூக்கு ஒன்றுதான் வழி. கழுத்தை மிக வளைத்தால் தொண்டையில் காற்றுப் பாதை குறுகுகிறது. கடுமையாக உழைக்கும் நேரத்தில் காற்றுக்குப் போராட வேண்டியிருக்கிறது. பார்வையும் தரையை நோக்கித் திரும்பிவிடுவதால், தான் போகும் வழியே அதற்குத் தெரிவதில்லை. கடிவாளத்தின் இரும்புத் தண்டு படியும் இடமோ நாக்கும், பற்களில்லாத ஈறும். அங்கே எலும்பின் மேல் மெல்லிய சவ்வுதான் போர்வை.

'குதிரைக்கு இது பிடிக்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குதிரையையே கேட்டுவிட்டார்கள் ஆய்வாளர்கள்!

2009-இல் வெளியான ஆய்வு அது. கவட்டை வடிவில் இரண்டாகப் பிரியும் பாதை ஒன்றை அமைத்தார்கள். 15 குதிரைகளைப் பலமுறை அதில் ஓட்டினார்கள். ஒரு கிளையில் சென்றால் அடுத்துச் சிறிது நேரம் கழுத்தை வளைத்த நிலையில் சவாரி. மறு கிளையில் சென்றால் இயல்பான நிலையில் சவாரி. எந்தக் கிளைக்குப் பின் எது வரும் என்பது குதிரைகளுக்குப் பழகியபின், தாமாகவே தேர்ந்தெடுக்க விட்டார்கள். 15-இல் 14 குதிரைகள் இயல்பான சவாரிக்குரிய கிளையையே மிகுதியாகத் தேர்ந்தெடுத்தன. வளைத்த நிலையில் ஓடியபோது வாலை வீசியடிப்பதும் தலையை உதறுவதும் கூடுதலாகக் காணப்பட்டன. இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

இரண்டு விரல் இடைவெளி

மற்றொரு செய்தி மூக்குப்பட்டை பற்றியது. குதிரையின் மூக்கைச் சுற்றிக் கட்டும் தோல்வார் இது. இதற்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய விதி. ஏனென்றால், வலிக்கும்போது குதிரை வாயைத் திறக்கும். பட்டையை இறுக்கினால் வாயைத் திறக்க முடியாது. வலியும் நடுவர் கண்ணில் படாது.

அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் 750 போட்டிக் குதிரைகளை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். முடிவு 2017-இல் வெளியாயிற்று. 44 சதவீதக் குதிரைகளுக்கு ஒரு விரல்கூட நுழையாதபடி பட்டை இறுக்கப்பட்டிருந்தது. இரண்டு விரல் நுழைந்தது 7 சதவீதத்தில் மட்டுமே. பட்டையை மிக இறுக்கினால் இதயத் துடிப்பு உயர்வதையும், மெல்லுதல், கொட்டாவி போன்ற இயல்பான செயல்கள் நின்றுபோவதையும் 2016-இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியிருந்தது.

விதிகள் மாறுகின்றன

அனைத்துலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2010-ஆம் ஆண்டு லோசான் நகரில் கூடிப் பேசியது. வன்மையான விசையால் கழுத்தை வளைப்பது ஏற்கத்தக்கதன்று என்று முடிவு செய்தது. ஆனால் விசையின்றித் தலையைத் தாழ்த்திப் பழக்குவதைத் தடை செய்யவில்லை. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. மூக்குப்பட்டையின் இறுக்கத்தை அளக்க 2025 முதல் ஒரு கருவி போட்டிகளில் பயன்படுத்தப்படுகிறது. விரல்கள் ஆளுக்கு ஆள் மாறும். கருவி மாறாது அல்லவா?

2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கும் நேரத்தில், ஆறு ஒலிம்பிக் பதக்கங்கள் பெற்ற பிரிட்டிஷ் வீராங்கனை சார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்து விலகினார். பயிற்சியின்போது ஒரு குதிரையின் கால்களை அவர் சவுக்கால் பலமுறை அடித்த படக்காட்சி வெளியானதே காரணம். தாம் தவறு செய்துவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். கூட்டமைப்பு அவரை ஓராண்டு விலக்கிவைத்தது. ஒருவரின் பிழையாக மட்டும் இதைக் கருதிவிடக் கூடாது. உயர்ந்த காலுக்கு உயர்ந்த மதிப்பெண் என்று இருக்கும்வரை, குறுக்கு வழியின் கவர்ச்சியும் இருந்தே தீரும். மதிப்பெண் இடுவோர் பார்க்கும் முறையும் மாறியாக வேண்டும்.

கால்கள் செயலிழந்த வீராங்கனை

'வலிமை இல்லாமல் இவ்வளவு பெரிய விலங்கை ஆள முடியுமா?' என்று நீங்கள் கேட்கலாம். டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டல் என்ற பெண்மணிக்கு 1944-இல் இளம்பிள்ளைவாதம் கண்டது. முழங்காலுக்குக் கீழே அவருக்குக் கால்கள் செயலிழந்தன. குதிரை மீது ஏறவும் இறங்கவும் பிறர் உதவ வேண்டியிருந்தது. ஆயினும் ஜூபிலி என்ற தம் பெண்குதிரையுடன் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956-இல் மீண்டும் வெள்ளி! குதிமுள்ளை அழுத்தக் கால்களில் வலிமை இல்லாதவர், உடலின் எடையைச் சிறிது மாற்றியே குதிரையுடன் பேசினார். அதைக் கேட்க ஜூபிலிக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த முறை தொலைக்காட்சியில் இந்தப் போட்டியைக் காணும்போது, கால்களை மட்டும் பார்க்காதீர்கள். குதிரையின் காதுகள் நெடுநேரம் பின்னோக்கி மடங்கியிருக்கின்றனவா? கண்ணின் வெள்ளை தெரிகிறதா? வால் ஓயாமல் வீசியடிக்கிறதா? மூக்கு மார்பை நோக்கி மடிந்திருக்கிறதா? பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவருடைய குழுவினரும் இத்தகைய 24 அறிகுறிகளைத் தொகுத்திருக்கிறார்கள். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ காணப்பட்டால், அந்தக் குதிரை வலியோடு ஓடுகிறது என்று ஐயுற இடமுண்டு.

இரையாகும் விலங்கு வலியை வெளிக்காட்டினால் பகைவனின் கண்ணில் முதலில் படும். அதனால்தான் குதிரை முனகுவதில்லை. அது பேசாத பேச்சைக் காதாலும் கண்ணாலும் வாலாலும் பேசுகிறது. அதைப் படிக்கும் பழக்கம் பார்வையாளர்களாகிய உங்களிடம் வளர்ந்தால், நடுவர்களும் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.