ஓராண்டே வாழும் விரிகுடா ஸ்காலப்

புளோரிடாவின் மேற்குக் கரையில், ஸ்டைன்ஹாட்சி, ஹோமோசாசா போன்ற ஊர்களுக்கு எதிரே, கடற்புல் மண்டிய ஆழமற்ற நீரில் வாழும் சிப்பி விரிகுடா ஸ்காலப். விசிறி விரித்தாற்போன்ற ஓட்டில் வரிவரியாக மேடுகள் ஓடும். மூட்டின் இருபுறமும் காதுபோன்ற நீட்சிகள் இருக்கும். மேல் ஓடு புல்லின் நிறத்தோடு கலந்து மறைந்துவிடும், கீழ் ஓடு வெளுத்திருக்கும். வளர்ந்த சிப்பி உள்ளங்கையில் அடங்கிவிடும். வாய் சற்றே திறந்திருக்கும்போது உற்றுப் பார்த்தால், விளிம்பு நெடுக நீலமணி கோத்தாற்போல் 30, 40 கண்கள் தெரியும். நிழல் பட்டதும் ஓடுகளைப் படபடவென்று அடித்து, நீரைப் பீய்ச்சித் துள்ளி ஓடும்.

குஞ்சுச் சிப்பி மெல்லிய நூலால் புல்லின் இலையைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு. இலையுதிர் காலத்தில் முட்டையிட்டபின் பெரும்பாலானவை மடிந்துவிடும். ஓராண்டு இனப்பெருக்கம் பொய்த்தால் மறு ஆண்டு ஈடுகட்ட மூத்த தலைமுறை இருக்காது. சிப்பி எடுப்பதற்கான சட்டம் கறாராக இருப்பது இதனால்தான்.

கடல் மீன்பிடி உரிமம் உள்ள எவரும், வெளியூர்க்காரர் உட்பட, பருவகாலத்தில் கையாலோ சிறு கைவலையாலோ சிப்பி எடுக்கலாம். 16 வயதுக்குட்பட்டோருக்கு உரிமம் தேவையில்லை. பொதுவான உச்சவரம்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு முழுச் சிப்பியாக 2 கேலன், அதாவது சுமார் 7.5 லிட்டர். விற்பனைக்காக எடுப்பது குற்றம். பருவத் தேதி இடத்துக்கு இடம் மாறும் என்பதால், மாநில மீன், வனவிலங்கு ஆணையத்தின் அறிவிப்பைப் பார்த்த பிறகே கடலில் இறங்க வேண்டும்.

சிப்பி தேடி மூழ்குவோர் இருக்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை குறுக்கே ஓடும் சிவப்புக் கொடி கட்டாயம். திறந்த நீரில் கொடியிலிருந்து 300 அடிக்குள் வரும் படகு வேகத்தை அடியோடு குறைக்க வேண்டும். படகு புல்தரையில் தட்டினால் இன்ஜினை முடுக்கவே கூடாது. சுழலும் விசிறி புல்லை வேரோடு அறுத்துவிடும், அந்த வடு ஆற ஆண்டுகள் ஆகும். இன்ஜினை அணைத்து மேலே தூக்கி, கழியால் தள்ள வேண்டும். நகராவிட்டால் நீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

உயிருக்கே ஆபத்தானது நுண்பாசி நஞ்சு. 2017-இல் செயின்ட் ஜோசப் விரிகுடாவில் இத்தகைய பாசி பெருகியதால் பருவமே தள்ளிவைக்கப்பட்டது. சமைத்தாலும் உறையவைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. அது பெரும்பாலும் சிப்பியின் குடலில் சேர்வதால் வெள்ளைத் தசையை மட்டும் உண்பதே முறை. நஞ்சு காரணமாக மூடப்பட்ட பகுதியில் பிடித்த சிப்பியை அப்படியும் உண்ணக் கூடாது. உண்ட சில மணி நேரத்தில் வாந்தி, உதடும் விரலும் மரத்துப்போதல், குழப்பம் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் சென்று, சிப்பி எங்கே, எப்போது பிடித்தது என்பதைச் சொல்ல வேண்டும்.